நிறுவன வரலாறு, இருநூறு சொற்களுக்கு மிகாமல்

டெண்டர் படிவம், மூன்றாம் பக்கம், ஏழாம் கட்டம்.
எழுதுகிறேன்:
எம்.எஸ். ஒலி ஒளி அமைப்பாளர்கள்,
ஜாலான் டத்தோ கெராமாட், ஜார்ஜ்டவுன்.
தொடங்கியது எண்பத்திரண்டில்.
அதற்குமேல் பேனா கட்டத்துக்கு வெளியே போகிறது.

எம் என்றால் இன்னாசிமுத்து.
எஸ் என்றால் கோ செங் ஹுவாட்.
வானொலிப் பெட்டி ஆலையில் ஒரே மேசை,
ஈயப்புகைக்கு நடுவே பேசிப் பேசி
ஒரு திங்கட்கிழமை இரண்டு பேருமே வேலைக்குப் போகவில்லை.

கீழே டயர் கடை. மேலே நாங்கள்.
தட்டச்சுக்கு என்றுதான் என்னை எடுத்தார்கள்;
இரண்டாம் வாரமே ஏணியைப் பிடி என்றார்கள்.
மூன்றாம் மாதம்
பிடிக்க வேறு ஆள் வந்தான், நான் ஏறினேன்.

முதல் பெரிய வேலை பாயான் லெப்பாஸ் ஆலை ஒன்றில்,
நாற்பத்தெட்டு ஒலிபெருக்கி.
திறப்பு நாளில் மேலாளர் வாயைத் திறந்தார்.
ஆலை முழுக்க ஒரு டாக்சிக்காரர் குரல்:
‘ஆயர் ஈத்தாமில் ஆள் ஏத்திட்டேன், மார்க்கெட் போறேன்.’
தரையிணைப்பு சரியில்லை.
அன்று முதல் முத்து எதையும் நம்புவார்,
தரையிணைப்பை மட்டும் நம்பமாட்டார்.

கல்யாண மண்டபத்தில் மைக் பார்ப்பது செங்.
‘ஜிட், நங், சா’ என்று ஹொக்கியனில் மூன்றுவரை எண்ணுவான்.
ஒருமுறை மாப்பிள்ளை வீட்டார்
அதை மந்திரம் என்று எழுந்து நின்றார்கள்.

கேபிளுக்கு அடையாளம் போடுவதில் ஒரு விளையாட்டு:
இடதுக்கு ‘மு’, அதை எழுதுவது செங்.
வலதுக்குச் செங்கின் சீன எழுத்து, அதை எழுதுவது முத்து.
அவன் ‘மு’ வால் முளைத்த நண்டு.
இவர் எழுத்து சரிந்து விழப்போகும் ஏணி.

தொண்ணூற்றெட்டு.
வெள்ளி விழுந்தது. கடற்கரை ஓட்டலின் நடன அரங்கு,
எண்பத்து நான்காயிரம் பாக்கி,
முதலாளி ஊரில் இல்லை, பிறகு நாட்டிலேயே இல்லை.
செங் இரண்டு துளைக்கருவியையும்
வாடிக்கையாளர் புத்தகத்தையும் எடுத்துக்கொண்டு
ஈப்போவுக்குப் போனான்.
முத்து ஒரு வார்த்தை திட்டவில்லை.
மைக் கிறீச்சிடும்போது மட்டும்
‘செங் கூப்பிடுறான்’ என்பார்.

பெயர்ப்பலகையில் எஸ்-ஐ அழிக்கக் கேட்ட விலை அறுபது வெள்ளி.
அது போதும் காரணமாக.

பிறகு புரொஜெக்டர்கள் வந்தன, போயின.
பெருந்தொற்றில் சவச்சாலைகளுக்குக் கேமரா பொருத்தினோம்:
மெல்பர்னிலிருந்து மகன் அழுவது
அரை நொடி தாமதமாக வந்தது.
அந்த அரை நொடியைக் குறைக்க
இரண்டு இரவு உட்கார்ந்திருந்தேன். முடியவில்லை.

இந்த வாரம் அந்த ஓட்டல் மீண்டும்.
புது முதலாளி, புதுப் பெயர், புதுக் கம்பளம்.
பொய்க்கூரையின் பலகையைத் தள்ளித் தலையை விட்டேன்.
எலிப்புழுக்கை, யாரோ மறந்த திருப்புளி,
யார் யாரோ இழுத்துவிட்டுக் கழற்றாமல் போன கம்பிகள்.
டார்ச் வெளிச்சத்தில் ஒரு நண்டு.
பக்கத்தில் ஓர் ஏணி.

சோதித்தேன். இடது செத்துக் கிடந்தது.
வலது கூவியது.

படத்தைக் காட்டினேன். முத்து விரலால் பெரிதாக்கிப் பார்த்தார்.
‘எந்தப் பக்கம் வேலை செய்யுது?’
‘வலது.’
‘அவன் பக்கம்’ என்றார்.
கோப்பி ஆறும்வரை ஒன்றும் சொல்லவில்லை.
பிறகு, ‘என் எழுத்து அவ்வளவு மோசமில்ல லா.’

எட்டாம் கட்டம்:
இக்கட்டடத்தில் முன் அனுபவம் உண்டா?
உண்டு.

விலைப்பட்டியலில்
இரண்டு பக்கத்துக்கும் புதுக் கேபிளே போட்டேன்.
இதரச் செலவு என்ற வரியில்
கொஞ்சம் பெரிய தொகை.
கேட்டால் சொல்லிக்கொள்ளலாம்,
தூசி தட்டிய கூலி என்று.